ஓடை காக்க வருகிறீர்களா? கொங்குப் பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி

ஆறு என்றால் வருடம் பூராவும் தண்ணீர் போகும் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் கொங்கு நாட்டில் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். நம் ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கின்றன. சமவெளியில் ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருடம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். குருடிமலையில் பிறந்து வஞ்சிபாளையம் பக்கம் நொய்யலில் சேரும் கௌசிகா, அவிநாசியைத் தாண்டி வரும் நல்லாறு, தாராபுரம் பக்கத்து உப்பாறு எல்லாம் பாதி வருடத்துக்கு மேல் மணலும் முள்ளுமாகத்தான் கிடக்கும். வெள்ளிங்கிரி மலையில் தெளிவாக இறங்கும் நொய்யலே கோவையைத் தாண்டினால் கோடையில் சாக்கடையாகத்தான் ஓடுகிறது.

இந்தக் காய்ந்த மாதங்களில்தான் ஆறு களவு போகிறது. தண்ணீர் ஓடும்போது யாரும் கரையில் வேலி போடுவதில்லை, கட்டட இடிபாடு கொண்டுவந்து கொட்டுவதில்லை. "இங்கே எங்கீங்க ஆறு இருக்குது?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் நடக்கும். அதனால் உங்கள் வேலையும் பெரும்பாலும் தை முதல் ஆனி வரைக்குமான வறண்ட மாதங்களில்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

வாட்ஸ்அப் குழு, பெயர், லோகோ எல்லாம் அப்புறம். உங்கள் ஊரைக் கடக்கும் ஓடைப் பள்ளத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை முழுக்க நடந்துவிடுங்கள். வெடியாலே கிளம்புங்கள். இரண்டு மூன்று பேர் போதும். முழங்கால் வரை மூடும் பூட்ஸ், கையில் ஒரு தடி கட்டாயம். சீமைக்கருவேலம் புதருக்குள் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இருக்கும்.

நடக்கும்போது சில இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாக்கடை வந்து சேரும் வாய், குப்பை கொட்டும் இடம், கரையை வெட்டி மண் எடுத்த இடம், தடுப்பணை, குளத்துக்குப் பிரியும் வரத்து வாய்க்கால். முக்கியமாக, கோடையிலும் தண்ணீர் தேங்கி நிற்கும் மடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செல்போனில் தேதியும் இடமும் பதிவாகும் ஜிபிஎஸ் கேமரா செயலியைப் போட்டுக்கொண்டால் பின்னால் எல்லா மனுவுக்கும் அந்தப் படங்களே உதவும்.

வழியில் ஆடு மேய்க்கிறவர்களைப் பார்த்தால் நின்று பேசுங்கள். ஓடையின் வரலாறு அவர்களிடம்தான் இருக்கிறது. "ஏனுங்க ஐயா, முன்னே தண்ணி எந்தப் பக்கம் போகுமுங்க?" என்று கேட்டால் போதும். "இங்கதான் கண்ணு மதகு இருந்துச்சு, இந்தச் செவுரு வந்துதான் மறைச்சுப்போட்டாங்க" என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பெரிய வெள்ளம் எந்த வருடம் வந்தது, எந்த மரம் வரைக்கும் ஏறியது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றின் உண்மையான அகலம் அந்த மரம் வரைக்கும்தான்.

ஆற்றுக்கும் ஆவணம் உண்டு

புதிதாக வருகிறவர்கள் அலுப்புப் பட்டு விட்டுவிடுகிற வேலை இது. ஆனால் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அ-பதிவேடு என்று ஒன்று உண்டு. புல எண், பரப்பு, வகைப்பாடு எல்லாம் அதில் இருக்கும். ஓடை, வாய்க்கால், குட்டை, வண்டிப்பாதை என்று எது எது புறம்போக்கு என்று வரிசையாகத் தெரியும். அரசின் இணையச் சேவையிலேயே புல எண்ணைப் போட்டு அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும். புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் மீட்டரில் போட்டிருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் வரும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

பட்டா காட்டுகிறார்களே என்று உடனே ஒதுங்கிவிடாதீர்கள். 1980-களை ஒட்டி நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். நில அளவையில் சில இடங்களில் ஓடை நிலம் தவறுதலாகத் தனியார் பெயருக்குப் போயிருக்கிறது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடமும் உதவும். அதில் வற்றும் ஓடைகளைக் கறுப்புக் கோட்டில் போட்டிருப்பார்கள். நீலக் கோட்டை மட்டும் தேடினால் நம் ஊர் ஓடை ஒன்றுமே கண்ணில் படாது! கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால், வேலி எந்த வருடம் நகர்ந்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

அடுத்து, யாரிடம் போவது? நிலம் வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கும். ஆறும் பெரிய குளங்களும் நீர்வளத்துறையின் பராமரிப்பில் வரும் (2021 வரை அது பொதுப்பணித்துறைக்குள் இருந்தது). சிறிய ஏரிகளும் குட்டைகளும் ஊராட்சி ஒன்றியம் அல்லது ஊராட்சி வசம். மாநகருக்குள் என்றால் மாநகராட்சி. கழிவு என்றால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம். பறவை, விலங்கு என்றால் வனத்துறை. ஒரே ஓடைக்கு இத்தனை அலுவலகம் இருப்பதால் ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடுவார்கள். மனுவில் எல்லோருக்கும் நகல் போட்டுவிட்டால் அந்த விளையாட்டு கொஞ்சம் குறையும்.

உயிர்களை எழுதி வையுங்கள்

காய்ந்த ஓடையில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்பவரை மாசி, பங்குனியில் மணல் திட்டுக்குக் கூட்டிப்போங்கள். ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமடித்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அடுத்த அடியில் அதன் முட்டை இருக்கலாம். கூடு என்று ஒன்றும் கட்டாது. கூழாங்கற்களுக்கு நடுவே லேசான பள்ளம், அதில் களிமண் நிறத்தில் கறுப்புத் திட்டுப் போட்ட நாலு முட்டை, கூர்முனை உள்பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். ஒரு கை தூரத்தில் நின்றாலும் கல் எது, முட்டை எது என்று சட்டென்று தெரியாது. செங்குத்தான மண் கரையில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தால் அது பஞ்சுருட்டானோ மீன்கொத்தியோ குடைந்த பொந்து. ஈரம் வற்றும்போது பால் ஆமை சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரைக்கும் கிடக்கும். விரால் கடைசி மடுவில் ஒண்டியிருக்கும்.

"தூர்வாருகிறோம்" என்று இதே மாதங்களில்தான் ஜேசிபி இறங்குகிறது. கரையைச் சமமாகச் செதுக்கி, மடுவைக் கலக்கி, மணல் திட்டை ஒரே மட்டமாக இழுத்துவிட்டால் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடும். தூர்வாருவதே தப்பு என்று சொல்லவில்லை, குளத்தில் வண்டல் எடுக்கத்தான் வேண்டும். எந்த இடத்தை விட்டுவிட வேண்டும் என்று அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் முன்கூட்டியே காட்டுவதற்கு உங்கள் கையில் பதிவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு செய்வது எளிது. வாரம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம். பார்த்த பறவை, எண்ணிக்கை, தண்ணீர் இருந்ததா, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். பறவைகளை இ-பேர்ட் தளத்தில் ஏற்றிவிட்டால் பிறகு யாரும் மறுக்க முடியாத ஆவணமாகிவிடும். 2015 முதல் ஒவ்வொரு தையிலும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவை பார்க்கத் தெரியாதவர்கள் சேர்ந்து கற்றுக்கொள்ள அதைவிட நல்ல நாள் இல்லை. அடைகாக்கும் கூட்டின் படத்தையோ சரியான இடத்தையோ மட்டும் பொதுவில் போடாதீர்கள். வேட்டைக்காரனுக்கும் செல்போன் உண்டு.

இப்படி எழுதி வைத்ததற்கு என்ன பலன் என்பதற்குத் திருப்பூர் நஞ்சராயன் குளமே சாட்சி. நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் குளம் அது. ஊர் ஆர்வலர்கள் வருடக்கணக்காகப் பறவைகளைப் பதிவு செய்தார்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து உட்பட எல்லாம் கணக்கில் ஏறியது. 2022-இல் அது தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. 2024-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஈரோடு பக்கத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-லேயே அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேலை

ஆள் சேர்க்க இதுதான் வழி. கோவையில் 2017-இல் ஒரு குளத்தில் இறங்கி, ஞாயிறு தவறாமல் குளங்களில் வேலை செய்த கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. காலை ஏழு முதல் ஒன்பது வரை, அதற்கு மேல் வேண்டாம். கையுறை, பூட்ஸ், முதலுதவிப் பெட்டி இருக்கட்டும். காலில் புண் இருப்பவர்களைச் சாக்கடை கலந்த தண்ணீரில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். மலையில் மழை என்று தெரிந்தால் நொய்யலுக்குள் யாரும் இறங்கவே வேண்டாம். இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும்.

குப்பை அள்ளும் நாளில் தூய்மைப் பணியாளர்களை வரவழைத்து அவர்களை அள்ளவிட்டு, மற்றவர்கள் பேனருக்கு முன் நின்று படம் எடுப்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது. ஆற்றங்கரையில் குடியிருந்து கொசுவும் நாற்றமும் அனுபவிக்கிறவர்கள் பெரும்பாலும் காலனி மக்கள்தான். அவர்கள் குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், ஆனால் கூடு இருக்கிறதா என்று பார்த்து, பகுதி பகுதியாக. நாட்டுக் கருவேலத்தையும் வெள்வேலத்தையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். ஜேசிபி இறக்குவதென்றால் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கூடாது, நல்ல காரியத்துக்கே வழக்கு வாங்கிக்கொண்டு நிற்பீர்கள். ஆகாயத்தாமரை எடுத்தால் கரையில் போடாமல் தள்ளிக் கொண்டுபோய் மட்க வையுங்கள். சாக்கடை வரத்து நிற்காத வரைக்கும் அது திரும்பத் திரும்ப வரும்.

மரம் நடுவது பற்றி ஒரு வார்த்தை. கரையில் நீர்மருது, புங்கன், நாவல், பூவரசு நல்லது. ஆவணி, புரட்டாசியில் பனை விதை ஊன்றலாம். ஓடையின் நடுவிலும், கொறங்காடு மாதிரியான மேய்ச்சல் புல்வெளியிலும் குழி தோண்டாதீர்கள். புல்லை நம்பி வாழும் உயிர்களுக்கு நம்முடைய நிழல் வேண்டாம். குளத்தில் மீன்குஞ்சு விடுகிறோம் என்று வருகிறவர்களையும் விசாரியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒருமுறை உள்ளே போனால் நாட்டு மீனை மிச்சம் வைக்காது.

கழிவு வந்தால்

இங்கே அவசரப்படக் கூடாது. தண்ணீரின் நிறம் மாறியிருந்தால், நுரை வந்தால், மீன் செத்து மிதந்தால் முதலில் படம், நேரம், இடம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கழிவு சேரும் இடத்துக்கு மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கதை சொல்லும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. நீர்நிலையில் விடும் ஆலைக் கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு 2,100. சாய ஆலைகள் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்பது நீதிமன்றம் போட்ட விதி.

உங்கள் மீட்டரின் எண்ணை வைத்து ஆலை மீது வழக்கு நிற்காது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டப்படி வாரிய அதிகாரி முறையாக எடுத்த மாதிரிதான் சாட்சியம். அதனால் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு உடனே தகவல் சொல்லி, ஓடும்போதே வந்து எடுக்க வைக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை அதே நாளில் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். ராத்திரியில் டேங்கர் லாரியை மறிப்பது, ஆலைச் சுவர் ஏறிப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு தள்ளி நின்று காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே ஊருக்குள் ஒரு சங்கடம் வரும். குழுவில் பாதிப் பேர் வீட்டுச் சோறு பனியன் கம்பெனியிலிருந்துதான் வருகிறது. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஒரத்துப்பாளையத்தைச் சொல்லுங்கள். நொய்யலின் குறுக்கே 1992-இல் திறந்த அணை. பாசனத்துக்கென்று கட்டியது சில வருடங்களிலேயே சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. கீழ்ப்பக்கத்து விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை. பாசன விவசாயிகளின் ஆயக்கட்டுதாரர் சங்கம் 2003-இல் உயர் நீதிமன்றம் போனது. 2006-இல் உத்தரவு, 2009-இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கம். அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரி 28-இல் சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் மூடின. வேலை இழந்த குடும்பங்கள் பட்டபாடும் நிஜம். அப்புறம்தான் கழிவை முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்கள் ஒழுங்காக வந்தன. ஆலைகளும் ஓடுகின்றன. முதலிலேயே செய்திருந்தால் ஆற்றுக்கும் தொழிலாளிக்கும் அந்த அடி விழுந்திருக்காது என்பது என் கருத்து.

மனுவும் கிராம சபையும்

ஒரு மனுவில் ஒரு விஷயம். புல எண், படம், என்ன வேண்டும் என்ற ஒரே ஒரு கோரிக்கை. ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசினால் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருப்பார்கள்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், ஓடைத் தீர்மானத்துக்குத் தோதான நாள். தீர்மானத்தை முன்பே எழுதிக்கொண்டு போங்கள். "ஓடையைக் காப்போம்" என்று பொதுவாக இருந்தால் பயன் இல்லை. "புல எண் இன்னதில் உள்ள ஓடைப் புறம்போக்கை அளந்து எல்லைக் கல் நட வேண்டும்" என்று இருக்கட்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஆவணம் கேளுங்கள்: ஓடையைக் கடைசியாக அளந்த தேதியும் அறிக்கை நகலும், 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் கொடுத்த நோட்டீஸ்களின் நகலும், என் மனு எந்த அலுவலர் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்ற கோப்புக் குறிப்பும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நீர்வளத்துறைக் குளம் என்றால் 2007-ஆம் ஆண்டு குளங்கள் பாதுகாப்புச் சட்டத்தையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

ஆக்கிரமிப்பு என்றதும் ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் மேல் பாயாதீர்கள். அவர்களுக்கு மாற்று இடம் கேட்டு நீங்களே மனு கொடுங்கள். ஏக்கர் கணக்கில் வேலி போட்டவரிடமிருந்து ஆரம்பித்தால்தான் ஊர் உங்களை நம்பும்.

இப்போது புதிதாக ஒரு வாதம் கேட்கிறது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்துவிட்டது, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது, இனி வரத்து வாய்க்கால் எதற்கு என்கிறார்கள். அந்தத் திட்டம் பவானியின் உபரியில் 1.5 டி.எம்.சி.யைத் தூக்கி வருவது. உபரி இல்லாத வருடம் குழாயும் காயும். ஊரில் பெய்கிற மழைக்கு வாய்க்கால்தான் வழி.

பசுமைத் தீர்ப்பாயம்

எல்லாக் கதவும் தட்டிய பிறகு சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள். இழப்பீடு, சீரமைப்பு என்றால் 5 வருடம். மனு மேல் மனு கொடுத்துக் காத்திருந்தே அந்த 6 மாதத்தைக் கோட்டை விடுகிறவர்கள் நிறைய. முதல் படம் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

ஆட்களும் பணமும்

குழு உடைவது பெரும்பாலும் காசு விஷயத்தில்தான். ஆரம்பத்தில் வசூலே வேண்டாம். டீச் செலவு அவரவர் கையிலிருந்து போகட்டும். ஜேசிபிக்கு டீசல், மரக்கன்றுக்கு வேலி என்று வரும்போது சங்கமாகப் பதிவு செய்து, இரண்டு பேர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு திறந்து, மாதா மாதம் வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள். ஆலைக்காரரிடம் நன்கொடை வாங்குவதா என்பதை ஆலை மீது புகார் எழும் முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் பேனருடன் வருவார்கள். வரட்டும், கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுங்கள். மனு நகல், ரசீது, படம் எல்லாவற்றையும் ஒருவர் செல்போனில் மட்டும் வைக்காமல் இரண்டு வீட்டில் இரண்டு கோப்பாக வைத்திருங்கள். கல்யாணம், வேலை மாற்றம் என்று ஆள் போய்விட்டால் கோப்பும் கூடவே போய்விடுகிறது.